ராஜமாதா சிரிக்க வேண்டும்

விஷக் கோப்பை அவள் கையிலிருந்து உருண்டு, சிம்மாசனத்தின் காலில் இடித்து நின்றது.

அவள் விழுந்து கிடந்தாள். கண்ணை மூடியிருந்தாள். மூச்சை அடக்கியிருந்தாள்.

"கட்."

இனி மூச்சு விடலாம். எழுந்திருக்கத்தான் கூடாது.

இந்த யூனிட்டில் அது வழக்கம். பிணமாக நடித்தவர் எழுவதற்கு முன் கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடித்த பிறகுதான் ஆளை எழுப்புவார்கள். சாவு வேஷத்தோடு நிற்கட்டும், ஆளைத் தொட வேண்டாம் என்று.

மயங்கி விழுகிறவர்களுக்கு அது தேவையில்லை. துணியைத் தட்டிக்கொண்டு எழுந்து போகலாம்.

காலையில் கொடுத்த சீன் பேப்பரில் ஒரு வரிதான் இருந்தது. ராஜமாதா விஷம் அருந்திக் கீழே விழுகிறாள்.

சாகிறாளா, பிழைக்கிறாளா?

டைரக்டர் முகுந்தனிடம் கேட்டுப் பார்த்தாள்.

"விழுங்கம்மா, பாத்துக்கலாம்" என்றான்.

ஆகவே காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். சிரிக்கச் சொன்னால் ராஜமாதா செத்தாள். சொல்லாவிட்டால் பிழைத்தாள்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு எபிசோடு. யாளி மேல் ஏறிப் போர் செய்தவள். மந்திரக் கோலால் மூன்று மன்னர்களைக் கல்லாக்கியவள். காய்கறிக் கடையில்கூட மகாராணிக்கு வழி விடுங்கள் என்கிறார்கள். இந்த வேஷம் போனால் ஐம்பத்தெட்டு வயதுக்காரியை யார் கூப்பிடப் போகிறார்கள்? ஒரு நாயும் கூப்பிடாது.

எல்லாம் போன வாரம் செய்த வேலை.

படைவீரர்களாக நிற்கும் ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள் முப்பது பேர். தலைக்கவசம் மாட்டி, ஈட்டி பிடித்து, காலையிலிருந்து நின்றவர்களுக்கு மாலை நாலு மணி வரை சாப்பாடு வரவில்லை. இவள் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிம்மாசனத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் சாப்பிடாமல் ஒரு வசனம் பேச மாட்டேன் என்றாள்.

முகுந்தன் அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் பேசினான்.

"ராஜமாதா சொன்னா அப்பீல் உண்டாம்மா?"

அந்தச் சிரிப்பை நம்பியிருக்கக் கூடாது. தன் வாயாவது சும்மா இருந்ததா? எல்லாம் வாய்க்கொழுப்பு!

விஷம் ஏறியதாகக் கழுத்தில் பூசிய நீலம் அரித்தது. சொறிய முடியாது.

சிரிக்கச் சொல்லாவிட்டால் இன்றே போய் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று படுத்தபடியே முடிவு செய்தாள். இனி எவன் பட்டினி கிடந்தாலும் கண்டுகொள்வதில்லை.

"ஓகே" என்றான் முகுந்தன். "அடுத்த ஷாட். லைட்டத் திருப்பு."

அப்பாடா.

அவள் எழுவதற்குக் கையை ஊன்றினாள்.

"சார்."

கேமராமேன் ஸ்டீபன். குரல் தாழ்ந்திருந்தது.

"அம்மா இன்னும் சிரிக்கல."

"அதெல்லாம் வேணாம்யா. நகரு."

"நாளைக்குச் சிதை செட்டு சார். கட்டையெல்லாம் வந்து எறங்கிருச்சு. சிரிக்க வைக்காம எழுப்பினீங்கன்னா நான் கேமராவ நகர்த்த மாட்டேன். பாவம் எனக்கு வேணாம்."

ஊன்றிய கை அப்படியே நின்றது.

சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பியிருப்பான். நாளைக்குக் கார் வந்திருக்காது. அவ்வளவுதான்.

அவள் மறுபடி படுத்துக்கொண்டாள்.

காலடிச் சத்தம் தலைமாட்டில் வந்து நின்றது. முகுந்தனின் சென்ட் வாசனை.

"சிரிச்சிருங்கம்மா. டைம் ஆகுது. இன்னிக்கே இந்த எபிசோடு போகணும்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"மணி என்ன?"

"ரெண்டே முக்கால்."

"அவங்கல்லாம் சாப்பிட்டாச்சா?"

எங்கோ ஓர் ஈட்டி தரையில் இடித்தது.

"மொதல்ல சாப்பாடு. அப்புறம் சிரிப்பு."

"வெளையாடாதீங்கம்மா."

"செத்தவ எங்கப்பா வெளையாடுவா?"

ஸ்டீபன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

முகுந்தனின் காலடி இரண்டு எட்டு விலகியது. பிறகு கத்தினான்.

"லஞ்ச் பிரேக்!"

ஈட்டிகள் சுவரில் சாய்ந்தன. சாம்பார் வாசனை வந்தது. அவள் வயிறு இரைந்தது. யாரோ தட்டு கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று விரலை மட்டும் அசைத்தாள்.

பயம் போயிருந்தது. இப்போது அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. பிணம் அழக் கூடாது.

இருபது நிமிடத்தில் முகுந்தன் திரும்பி வந்தான்.

"இப்பச் சிரிங்க."

கண்ணைத் திறந்தாள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்குப் பின்னால் முப்பது பேரும் நின்றார்கள். ஒருவர் தலையிலும் கவசம் இல்லை. இரண்டரை வருடம் இவள் பின்னால் போருக்கு வந்தவர்கள். முகங்களை இன்றுதான் பார்க்கிறாள். வழுக்கை. நரைத்த மீசை. அம்மைத் தழும்பு.

சிரிக்க வாயைத் திறந்தாள். வரவில்லை. உதடு கோணிக்கொண்டது.

"சட்டுனு முடிங்கம்மா."

மறுபடி முயன்றாள். வரவில்லை.

நரைத்த மீசைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஒரு கையில் தலைக்கவசம். இன்னொரு கையில் சாப்பிட்டுக் கழுவிய ஈரம் காயவில்லை.

"சிரிச்சிரு தாயி. ஒனக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

சொல்லிவிட்டு, சிம்மாசனத்தின் மேல் கவசத்தை வைத்தார். முகுந்தன் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குப் பாடை தூக்க வேற ஆளப் பாத்துக்கங்க சார்."

அம்மைத் தழும்புக்காரர் வந்து தன் கவசத்தை அதன் மேல் வைத்தார். பிறகு வழுக்கைத் தலைக்காரர். பிறகு வரிசை நகரத் தொடங்கியது.

அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஸ்டீபன் கேமராவை நிறுத்தவில்லை.