பீங்கான் கோப்பையின் சிரிப்பு

என் கை அது பாட்டுக்குப் பாத்திரம் விளக்குது, மனசு அது பாட்டுக்கு ஒரு கதை சொல்லுது.

ஒரு அடுப்படியில் பாத்திரங்கள் எல்லாம் சேர்ந்து நாடகம் போட்டன. மகளைக் கிணற்றடியில் பறிகொடுத்த தாயாக மண்பானை நடித்தது. "தண்ணிக்குப் போன பொண்ணு இப்படி உடைஞ்சு ஓடாக் கிடக்காளே!" என்று அது கதறி அழுதது.

பார்த்துக்கொண்டிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. "விழுந்தா எந்திரிச்சு வர வேண்டியதுதானே! நாங்க தினமும் விழலையா?" என்று ஒரு டம்ளர் கத்தியது. அவற்றின் நடுவில் ஒற்றையாக இருந்த பீங்கான் கோப்பைதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது.

நாடகம் முடிந்ததும் பானை அதைத் தனியாகக் கூப்பிட்டது. "அதுங்களுக்கு உடையறதுன்னா என்னன்னு தெரியாது. உனக்குமாடி தெரியாது? நீ ஏன் சிரிச்ச?"

"மெதுவாப் பேசுக்கா. நான் மட்டும் சிரிக்காம இருந்தா எல்லாரும் என்னையில்ல திரும்பிப் பார்ப்பாங்க? நான் அதுங்களோடதானே இருந்தாகணும்."

அப்போதுதான் பானை கவனித்தது. சிரித்த சிரிப்பில் டம்ளரோடு இடித்து, கோப்பையின் பிடியோரம் மெல்லிசாக ஒரு கீறல் விழுந்திருந்தது.

"வலிக்குதாடி?"

கோப்பை மறுபடியும் சிரிக்கத்தான் பார்த்தது. ஆனால் அந்தச் சிரிப்பு... கூடத்துலேர்ந்து கூப்பிடுறாங்க. இதோ வந்துட்டேன் அத்தே!