பென்சில் புள்ளி

புதுப் பெப்டைடு மருந்து எலிகளின் கிட்னியைக் காப்பாற்றுகிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்து மார்க் போடுவது பேராசிரியரின் வேலை. எந்த ஸ்லைடு மருந்து போட்ட எலியுடையது என்பது அவருக்குத் தெரியக் கூடாது. ஸ்லைடு தயாரிக்கும் லேப் அம்மாவுக்குத்தான் தெரியும்.

அன்று காலை வந்த இருபது ஸ்லைடுகளில் பத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி இருந்தது. மருந்து போட்டவற்றுக்கு அந்த அம்மா வைத்த அடையாளம், அழிக்க மறந்துவிட்டாள் போல. கண்ணை மூடிக்கொண்டா மைக்ரோஸ்கோப் பார்க்க முடியும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மார்க் போட்டு முடித்தார். மைக்ரோஸ்கோப்பின் விளக்கை அணைத்தார்.

"பத்து கிட்னி புதுசு மாதிரி இருக்கும்மா. மத்த பத்தும் நைஞ்சு கிடக்கு. அடுத்த மாசம் தைரியமா நோயாளிங்களுக்குப் போடலாம்."

அவள் மார்க் தாளை வாங்கி மேலிருந்து கீழே மெதுவாகப் படித்தாள்.

"புள்ளி வெச்ச பத்துதான் நல்லாருக்கா சார்?"

"எந்தப் புள்ளி?"

"நான் வெச்சதுதான் சார். இருபதும் ஒரே எலியோட கிட்னி. மருந்தே போடாத எலி."

பேராசிரியருக்குக் காது மடல் சுட்டது. "என்னையே சோதிச்சுப் பார்த்தியா?" என்று அதட்டப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். அடுத்த மாசம் முதல் ஊசி என் வீட்டுக்காரருக்கு. சம்மதப் பத்திரத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக்கலாம்னுதான்."

அவர் மறுபடியும் மைக்ரோஸ்கோப்பில் குனிந்துகொண்டார். உள்ளே ஒரே இருட்டு. நிமிரவே இல்லை.