வெப்பம் பரவாத அறை

“வகுப்புல நின்னு கத்துறதெல்லாம் பழங்காலம் சார். பாடம் வீடியோவுல, சந்தேகம் போன்ல!” என்று இயற்பியல் பேராசிரியர் முழங்கியதைத் துறைத்தலைவர் கொட்டாவியோடு கேட்டார்.

“பசங்க பாக்குறாங்களா?”

“தினமும் கேள்வி வருது சார்!”

தினமும் கேட்பது பெயர் போடாத ஒரே ஆள்தான் என்பதைப் பேராசிரியர் விழுங்கிவிட்டார். ‘ஒரே அறையில் இருந்தும் இரண்டு பொருள்களுக்கு நடுவே வெப்பம் பரவாதது ஏன்?’ என்று நேற்று வந்த கேள்விக்கு, வெற்றிடம் பற்றி இரண்டு பக்கம் பதில் எழுதியிருந்தார்.

“அப்போ நாளைக்குக் கல்லூரியைப் பாக்க வர்ற ஆய்வுக்குழு முன்னாடி, கேள்வி கேக்குறவங்கள்ல ஒருத்தரையாவது நிறுத்துங்க. இல்லேன்னா பழையபடி சாக்பீஸ்தான்.”

மாலையில் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தப் பெயர் போடாத ஆளுக்குப் போனில் தட்டினார்: ‘நாளை பத்து மணிக்கு என் மானம் உங்கள் கையில். கல்லூரிக்கு வருவீர்களா?’

பக்கத்து அறையில் ஒரு போன் சிணுங்கியது.

“வரேங்க” என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

“நீயா? என்கிட்ட நேர்லயே கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டேனே. ‘அப்புறம் பேசலாம்’னு சொன்னீங்க. அது ஆச்சு, நாலு வருஷம்.”