பதினாறு மதிப்பெண்

உறையை வெட்டி வினாத்தாள்களை வெளியே எடுத்தாள். இருபது. எண்ணிச் சரிபார்த்துவிட்டு மேலே இருந்ததைப் படித்தாள்.

படித்திருக்க வேண்டாம். அறைக் கண்காணிப்பாளருக்கு வினாத்தாளில் என்ன வேலை?

கடைசிப் பக்கத்துக்குப் போனாள். முக்கோணம் வரையும் கேள்வி இல்லை. வரைபடம் போடும் கேள்வியும் இல்லை.

முதலிலிருந்து மறுபடி பார்த்தாள்.

இல்லை.

பத்தாம் வகுப்புக் கணக்கில் அந்த இரண்டுக்கும் எட்டு எட்டு, பதினாறு மதிப்பெண். கணக்கே வராத பிள்ளையையும் கரையேற்றிவிடும். மேலே பத்தொன்பது தேற்றினால் முப்பத்தைந்து. எத்தனையோ வருடமாக எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் தேற்றினார்கள்.

அவளும் அப்படித்தான் செய்தாள். ஒரே வரைபடக் கணக்கை முப்பது தடவை போட வைத்தாள். புரிகிறதா என்று கேட்கவில்லை. வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டாள்.

தாள்களைக் கொடுத்து முடித்தாள்.

இந்த அறையில் இருப்பவர்கள் வேறு பள்ளிப் பிள்ளைகள். அவளுடைய பதினேழு பேர் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மையத்தில் இதே தாளை இந்நேரம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கணக்கு டீச்சர்களுக்குக் கணக்குப் பரீட்சையன்று அறைப் பணி கிடையாது. அவளுக்கு உண்டு. பதிவேட்டில் அவள் தமிழாசிரியை.

கணக்கு சார் மாறுதலில் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொன்னார் தலைமையாசிரியர். பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் கையேட்டைப் பார்த்துத் தான் கற்றதைக் காலையில் வகுப்பில் கற்பித்தாள்.

தேர்வு முறை மாறுகிறது, மனப்பாடம் இனி செல்லாது என்று சுற்றறிக்கை வந்தது. மூன்று நாள் பயிற்சி. கணித ஆசிரியர்களின் பெயர் கேட்டார்கள். அவள் பள்ளிக்கு நேராகக் காலிப் பணியிடம் என்று இருந்தது. காலிப் பணியிடத்தைப் பயிற்சிக்கு யார் கூப்பிடுவார்கள்?

போய் வந்த ஒருவரிடம் குறிப்புகள் கேட்டாள். அனுப்புகிறேன் என்றார். மூன்று தடவை ஞாபகப்படுத்தினாள். தமிழ் டீச்சருக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று ஒரு தடவை சிரித்தார். நாலாவது தடவை கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அந்தக் கூச்சத்தை இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மேசையின் ஓரம் நின்று எட்டு மதிப்பெண் கேள்வியைப் படித்தாள்.

வரைபடத்தை அவர்களே போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஊர்த் தொட்டியில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று காட்டும் படம். எந்த நேரத்தில் யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை? எப்படிச் சொல்கிறாய்?

அவளுக்கே உடனே விளங்கவில்லை. இரண்டாவது தடவை படித்ததும் விளங்கியது. கோடு ஏறாமல் இறங்காமல் நேராகப் போகும் இடம்.

நல்ல கேள்வி. அதுதான் இன்னும் வலித்தது. ஒரே ஒரு பாடவேளை போதும். அந்தப் பதினேழு பேரில் ஒருத்தி சங்கவி, தினமும் தொட்டியடியில் குடத்தோடு நிற்கிற பெண். அவளுக்கா தெரியாது?

சங்கவியின் அம்மாவை ஜனவரியில் போய்ப் பார்த்தாள். பெயிலானால் மில்லில் விட்டுவிடுவது என்று வீட்டில் முடிவு. விடுதியில் தங்கி மூன்று வருடம் நூல் ஆலை வேலை. தெருவில் நான்கு பெண்கள் ஏற்கெனவே போயிருந்தார்கள்.

"பாஸ் பண்ண வைக்கிறது என் பொறுப்புங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

யார் கேட்டார்கள் அவளை?

மூன்று மணி நேரம் வரிசைகளுக்கிடையே நடந்தாள். உட்கார முடியவில்லை. சன்னலோரப் பையன் ஒருவன் அந்தப் படத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மளமளவென்று எழுதினான். அவன் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. பாவம், அவன் என்ன செய்தான்.

மணி அடித்தது. விடைத்தாள்களைக் கட்டி ஒப்படைத்தாள். அலுவலக அறையில் கைபேசியை வாங்கி உயிர்ப்பித்தபோதே அழைப்பு வந்தது.

சங்கவி. அம்மாவின் கைபேசியிலிருந்து.

அழுவாள் என்று நினைத்தாள். சங்கவி மூச்சுவிடாமல் பேசினாள். ஒரு மதிப்பெண் கேள்வி எல்லாவற்றையும் எழுதிவிட்டாளாம். கொஞ்சம் கஷ்டம்தானாம், பரவாயில்லையாம்.

"கிராப் கேக்கவே இல்ல டீச்சர். ஆனா பேப்பரோட கிராப் ஷீட்டு தச்சிருந்தாங்க. மறந்துட்டாங்க போலன்னு நானே போட்டுட்டேன். முக்கோணமும் வரைஞ்சிட்டேன்."

எந்தக் கணக்கைப் போட்டாய் என்று கேட்டாள்.

"நீங்க சொல்லிக்குடுத்தீங்கல்ல, அதேதான். நான் மட்டும் இல்ல டீச்சர், நம்ம கிளாஸ்ல எல்லாரும் அதத்தான் போட்டோம். பதினாறும் வந்துரும்ல?"

பதினேழு விடைத்தாளில் ஒரே வரைபடம், யாரும் கேட்காத கணக்கு. அளவுத்திட்டம் எழுதிய மூலைகூட ஒன்றாகத்தான் இருக்கும். அந்த மூலையைக் காட்டிக்கொடுத்தவள் அவள்.

கைபேசியோடு வராந்தாவுக்கு வந்தாள். திட்டவும் வழியில்லை. சொன்னதைச் செய்த பிள்ளை.

அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"சொல்லுங்க டீச்சர்." அந்த அம்மாளின் குரலில் சிரிப்பு இருந்தது.

பின்னால் சங்கவி யாரிடமோ பரீட்சைக் கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவ விட்டுக் கொஞ்சம் தள்ளி வாங்கம்மா, மில்லு விஷயம் பேசணும்" என்றாள்.