ரீத்தா என்றால் முத்து

ஆறு வருஷமாக எதற்கும் வாய் திறக்காத மனைவி செலஸ்தீன், குழந்தைக்கு ரீத்தா என்றுதான் பெயர் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது கஸ்பாருக்கு உறுத்தியது. ஞானஸ்நானத்தன்று கோயில் வாசலில் உபதேசியாரைத் தனியாகப் பிடித்து, யார் அந்த ரீத்தா என்று கேட்டான்.

"வே, இத்தாலி நாட்டுப் புனிதர். மார்கரீத்தாங்கிற பேரோட சுருக்கம். முத்துன்னு அர்த்தம்."

முத்துதானா என்று மூச்சு விட்டவன், அவர் ஜெபப் புத்தகத்திலிருந்து எடுத்து நீட்டிய படத்தைப் பார்த்தான். அந்தப் பெண்ணின் நெற்றியில் ஒரு காயம். செலஸ்தீனுக்கும் அதே இடத்தில்தான் தழும்பு. போன தவக்காலத்தில் அவன் எறிந்த செம்பு பட்டது.

"இதுவும் புருசன் அடிச்சதா?"

உபதேசியார் அவனை நிமிர்ந்து பார்த்தார். "இது முள்ளு குத்துனது. புருசன் முரடன்தான். பதினெட்டு வருசம் பொறுத்துப் போனாங்க."

"பொறவு?"

"பொறவென்ன, அவனை யாரோ குத்திப் போட்டுட்டாங்க."

உள்ளே சாமியார், குழந்தைக்கு என்ன பெயர் என்று வழக்கப்படி பெற்றோரைக் கேட்டார். கஸ்பார் வாய் திறக்குமுன், இரண்டு வருஷமாக அவனோடு பேசாமல் இருந்து இன்று வந்திருந்த செலஸ்தீனின் அண்ணன்கள் மூவரும் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரே குரலில் சொன்னார்கள்: "ரீத்தா."