பூட்டிவைத்த சட்டம்

செங்கோடன் என்ற முள்ளம்பன்றி, பசிக்குக் கிழங்கு தோண்டித் தின்றதற்காகச் சிறைக்குப் போனது. "வேலிகூட இல்லீங்களே, ராஜா நிலம்னு எனக்குத் தெரியாதுங்க" என்று அது மன்றாடியும் நீதிபதி கரடி மசியவில்லை. "சட்டம் தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது" என்று சொல்லிவிட்டது.

சரி, இனியாவது தெரிந்துகொள்வோம் என்று செங்கோடன் சிறை நூலகத்துக்குப் போனது. தடித்த சட்டப் புத்தகம் ஒன்று கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி காவலாளி கழுதைப்புலியிடம் இருந்தது.

"கைபட்டா அழுக்காயிடும். தண்டனை குடுத்தாச்சு, இனிமே உனக்கு எதுக்குடா சட்டம்? சமையல் புத்தகம் இருக்கு, எடுத்துப் படி" என்றது கழுதைப்புலி.

செங்கோடன் தினமும் கேட்டது. தினமும் திட்டு வாங்கியது.

மழைக்காலம் முடிந்ததும் சிறையைப் பார்வையிட யானை அதிகாரி வந்தது. அலமாரியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துப் பூரித்துப்போனது. "அடடா, புத்தகத்தை எவ்வளவு புதுசா வச்சிருக்கீங்க!"

நூலக மூலையில் நின்றிருந்த செங்கோடனுக்கு ரத்தம் கொதித்தது. "யாரையும் தொட விடலைன்னா புதுசாத்தான் இருக்கும்! கிழங்கு தோண்டுறதப் பத்தி அதுல என்ன போட்டிருக்குன்னு நீங்களே படிங்கய்யா!"

யானை தேடிப் படித்தது. அதன் குரல் இறங்கிவிட்டது. "வேலியில்லாத நிலத்துல பசிக்குத் தோண்டினா குற்றமில்லைன்னு இருக்கு. நீ வீட்டுக்குப் போகலாம்ப்பா."

அலமாரியை மறுபடி பூட்ட, கழுதைப்புலி அவசரமாகப் பூட்டை எடுத்துக்கொண்டு வந்தது. செங்கோடன் வாசலுக்குப் போகவில்லை. திறந்திருந்த அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்து, உடம்பிலிருந்த முள் அத்தனையையும் சிலிர்த்துக்கொண்டது.

"இந்தச் சிறையில இருக்கிற எல்லாரும் படிக்கட்டும். அப்புறம் போறேன்."