பல் வைத்த இலை

நாற்று வளர்க்கும் குழித்தட்டில் ஒரே ஒரு தக்காளிக் கன்றுதான் நின்றது.

அவள் தோளில் தொங்கிய பையைக்கூட இறக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, படியேறி, நேரே மொட்டைமாடிக்கு வந்திருந்தாள். கோவில்பட்டியில் தங்கை கல்யாணம். இரண்டு வாரமாய் அங்கே மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்ததும் பந்தியில் நின்று உபசரித்ததும் அவள் உடம்பு மட்டும்தான். மனசு சிவகாசியில், இந்தத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

கிளம்பும்போது எல்லாக் குழியிலும் முளை இருந்தது. இலை வடிவம் தெரிகிற அளவுக்கு எதுவும் வளர்ந்திருக்கவில்லை.

குனிந்து அந்த ஒற்றைக் கன்றைப் பார்த்தாள்.

அகல இலை. உருளைக்கிழங்குச் செடியின் இலை மாதிரி, ஓரத்தில் ஒரு வெட்டுகூட இல்லாமல் வழுவழுவென்று இருந்தது.

அம்மா இலை.

அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று.

மாடியில் அவள் ஆசையாய் வளர்த்த அம்மாச் செடியின் பழம் அப்படி ஒரு ருசி. உப்புத் தொடாமல் அப்படியே தின்னலாம். ஆனால் பெரிய சொகுசுக்காரி. சிவகாசியின் பங்குனி வெயிலுக்கே சுருண்டு படுத்துவிடும். தெருச் சாக்கடை ஓரத்தில் தானாய் முளைத்துக் கிடந்த நாட்டுத் தக்காளியோ வெறும் புளிப்பு. வெயில் ஏற ஏற அதற்குக் கொண்டாட்டம்.

இரண்டுக்கும் கல்யாணம் முடித்து வைத்தால் என்ன?

தோன்றியதோடு விட்டாளா? தன் பியூட்டி பார்லரில் புருவ முடி பிடுங்கும் பிளக்கரை எடுத்து வந்தாள். அம்மாச் செடியின் மொட்டைப் பிரித்து, உள்ளே இருந்த மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிந்தாள். நாட்டுத் தக்காளியின் மகரந்தத்தைத் தடவினாள். எந்தப் பூ என்று மறக்காமலிருக்கப் புருவம் எடுக்கும் நூலையே கட்டிவிட்டாள்.

பூ உதிர்ந்தது. அடுத்த பூவில் தடவினாள். அதுவும் உதிர்ந்தது. புருவம் எடுக்க வந்த பெண்கள் அவளைக் கேலி செய்து ஓய்ந்தார்கள். போன தை மாதம்தான் ஒரே ஒரு காய் நின்று பழுத்தது.

அந்தப் பழத்தின் விதைகள்தான் இந்தத் தட்டில் இருந்தவை.

சம்பந்தம் கூடியதா இல்லையா என்று இலைதான் சொல்லும். நாட்டுத் தக்காளிக்கு இலை ஓரமெல்லாம் பல் பல்லாக இருக்கும். பிள்ளைக்கு அந்த அப்பன் இலை வந்தால் ஜெயம். அம்மா இலையே வந்தால், பூ தன் மகரந்தத்திலேயே காய்த்துக்கொண்டது என்று அர்த்தம். பட்ட பாடு அத்தனையும் வீண்.

வீண்தான் போலிருக்கிறது.

காபி டம்ளரோடு ராமசுப்பு ஏறி வந்தான். அவள் புருஷன். முகமெல்லாம் பெருமை. காலண்டர் அச்சாபீஸில் தப்பாய் அச்சான தாள்களைப் பொறுக்கிக் கழிப்பது அவன் வேலை. சாமி படத்தில் சாயம் மயிரிழை விலகியிருந்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது.

"பாத்தியா? இந்த ஒண்ணையாவது காப்பாத்தி வச்சிருக்கேன்."

"மத்ததெல்லாம் செத்துப்போச்சா?"

"சாகல. எல்லாம் வேற எலையா வந்துச்சு. ஒன் தாய்ச்செடி எலை மாதிரியே இல்ல. ஓரம் பூரா பல்லு பல்லா. மண்ணுல கெடந்த சாதாத் தக்காளி வெத கலந்துருச்சுபோலன்னு அத்தனையும் புடுங்கிட்டேன்."

பை தோளிலிருந்து நழுவி விழுந்தது.

"பல்லு பல்லாவா?"

"ஆமாங்கிறேன்."

"அத்தனையுமா?"

"இது ஒண்ணுதான் சரியா இருந்துச்சு."

கூடிவிட்டது. கூடியே விட்டது! அந்தச் சந்தோஷத்துக்குப் பிறகுதான் அவன் சொன்ன 'புடுங்கிட்டேன்' உறைத்தது.

"புடுங்கி எங்க போட்டீங்க?"

"பரிபூரணக்கா கேட்டாங்க. குடுத்துட்டேன்."

பரிபூரணக்கா கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள். கேட்டதுதான் தாமதம், இவள் படிகளைத் தாவித் தாவி இறங்கினாள். என்ன குற்றம் செய்தோம் என்று விளங்காமல், காப்பாற்றிய கன்றைத் தட்டோடு தூக்கிக்கொண்டு ராமசுப்புவும் பின்னால் ஓடினான்.

துவைகல் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் அந்தக் கன்றுகள் வரிசையாய் ஊன்றியிருந்தன. வைகாசி மாதத்து உச்சி வெயில். நிழல் என்று ஒரு துண்டு இல்லை.

எல்லாம் வாடாமல் நிமிர்ந்து நின்றன.

கல்யாண வீட்டுப் பட்டுச்சேலையோடு அவள் ஈரமண்ணில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு இலையாய் விரலில் ஏந்தினாள். பல். பல். இதிலும் பல். சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்து கண்ணை மறைத்தது.

"சாதாத் தக்காளிக்கா தாயி இந்தப் பாடு?" என்றாள் பரிபூரணக்கா.

"அக்கா, இதெல்லாம் நான் உண்டாக்குன செடிக்கா."

ராமசுப்பு கையிலிருந்த கன்றைப் பார்த்தான். மண்ணில் நின்றவற்றைப் பார்த்தான். மறுபடி கையைப் பார்த்தான். அச்சாபீஸ் மூளை மெல்லத்தான் சுழன்றது.

"அப்ப நான் கழிச்சதுதான்..."

அவள் அடுத்த கன்றுக்கு நகர்ந்தாள். சாதாரண நாளாக இருந்தால் ஒரு வருஷத்துக்கு வைத்துத் திட்டியிருப்பாள். இன்று ஒரு வசவும் வாயில் வரவில்லை.

அவன் தட்டில் இருந்த கன்று அதற்குள் தலையைத் தொங்கப்போட்டிருந்தது.

பதறிப்போய் அதைத் துவைகல்லுக்கு அடியில் வைத்தான். அப்புறம் செய்த பாவத்துக்குப் பரிகாரமாய், தன் பெரிய உடம்பால் மற்றக் கன்றுகளுக்கு நிழல் தந்துகொண்டு குனிந்து நின்றான்.

அவள் நிமிர்ந்தாள்.

"தள்ளி நில்லுங்க. அதுகளுக்கு வெயில் படட்டும்."